குவைத் நேரம் காட்டும் கேசட்டுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஆவணி மாதம் ஒரு நாள் காலையில், என் கணவரின் குரலைப் பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு கேட்டேன். அது எப்படி நடந்தது, அதற்கு முன்பு எப்படித் தவறிப்போனது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும். பொறுத்துக்கொண்டு வெளியிட வேண்டுகிறேன். பழைய வீடியோ கேசட்டுகளைப் பீரோவில் பூட்டி வைத்திருக்கும் வீடுகளுக்கு இது உடனே தெரிந்தாக வேண்டிய விஷயம்.

மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். என் கணவர் குவைத்தில் எலக்ட்ரீசியன் வேலை பார்த்தார். 2002-இல் விடுமுறைக்கு வந்தபோது சோனி ஹேண்டிகேம் ஒன்று வாங்கி வந்தார். அதில் போடும் கேசட் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. ‘மினிடிவி’ (MiniDV) என்று பெயர். ஒரு கேசட்டில் ஒரு மணி நேரம் பதியலாம். ஒவ்வொரு விடுமுறைக்கும் ஐந்தாறு கேசட் எடுப்பார். 2009-இல் அவர் காலமானபோது 34 கேசட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் நீல மையில் அவர் கையெழுத்து: ‘வெண்ணெய்த்தாழி’, ‘பாப்பா பள்ளிக்கூடம்’, ‘கொல்லை’, ‘அம்மா – பாட்டு’.

படம் எடுத்தவர் அவர்தான் என்பதால் எந்தப் படத்திலும் அவர் இல்லை. கோயில் குளக்கரையில் நாங்கள் நிற்போம், மாமியார் ஆட்டுக்கல்லில் மாவு அரைப்பார், பெண்கள் இருவரும் ரெட்டைச் சடையோடு ஓடுவார்கள். அவர் கேமராவுக்குப் பின்னால் நின்று பேசிக்கொண்டிருப்பார். மைக்குக்கு மிக அருகில் இருப்பவர் அவர்தானே, அதனால் மற்ற எல்லாக் குரலையும்விட அவர் குரல்தான் தெளிவாக விழுந்திருக்கும். எங்கள் வீட்டில் அவருடைய குரல் இருக்கும் ஒரே இடம் அந்த 34 கேசட்டுகள்.

2010-இல் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு உறவினர் எல்லோரும் கூடியபோது போட்டுக் காட்டலாம் என்று மூன்று கேசட்டுகளைப் பக்கத்து ஊர் ஸ்டூடியோ ஒன்றில் கொடுத்தேன். டிவிடி போட்டுத் தந்தார்கள். மாலை விளக்கு வைத்த பிறகு கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தோம். படம் ஓடியது. குரல் வரவில்லை. முதல் நிமிடத்திலிருந்து கடைசி நிமிடம் வரை சினிமாப் பாட்டுகளை ஏற்றிவிட்டிருந்தார்கள். வெறும் பேச்சும் காற்றுச் சத்தமும்தானே, பாட்டுப் போட்டால் நன்றாக இருக்கும் என்று அவர்கள் நினைத்திருக்கலாம். வேலை செய்த பையன் நல்ல எண்ணத்தில்தான் செய்தான், அவன் மேல் இன்றைக்கும் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் மகன் குரலைக் கேட்கலாம் என்று தொலைக்காட்சிப் பெட்டிக்கு ஓர் அடி தள்ளி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த என் மாமியார், இரண்டாவது பாட்டிலேயே எழுந்து உள்ளே போய்விட்டார். 2013-இல் அவரும் போய்ச் சேர்ந்தார். அந்தக் குரலை அவருக்கு என்னால் கேட்கக் கொடுக்க முடியவில்லை.

டிவிடி வாங்கப் போனபோது, “கேசட் இனி எதற்கம்மா, நாங்களே வைத்துக்கொள்கிறோம்” என்றார்கள். அவர் கையெழுத்து இருக்கிறதே என்ற ஒரே காரணத்துக்காகத் திருப்பி வாங்கி வந்தேன். நாடாவில் படம் எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. அந்தக் கையெழுத்துதான் அவற்றைக் காப்பாற்றியது. அந்த டிவிடியோ ஏழெட்டு ஆண்டுகளில் எந்தக் கருவியிலும் ஓடாமல் போயிற்று.

சென்ற ஆண்டு என் அண்ணன் மகன் வந்தபோதுதான் விவரம் புரிந்தது. அவன் கணினி பழுது பார்க்கும் தொழிலில் இருப்பவன். அவன் சொன்னதை எனக்குத் தெரிந்த கணக்கில் சொல்கிறேன். இந்த மினிடிவி நாடாவில் படமும் ஒலியும் எண்களாகவே பதிந்திருக்கின்றன. கணினிக்குப் புரிகிற அதே எண்கள். கேமராவின் பக்கவாட்டில் சிறு மூடிக்குள் ‘ஐ-லிங்க்’ என்று எழுதிய ஒரு துளை இருக்கும். ஃபயர்வயர் என்பதும் அதுதான், ஐஇஇஇ 1394 என்பதும் அதுதான். அதன் வழியாக எடுத்தால் நாடாவில் உள்ள எண்கள் அப்படியே கணினிக்கு வந்து சேரும். ஸ்டூடியோக்களில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் உள்ள ஏவி கேபிளில் எடுத்தால், கேமரா அந்த எண்களை முதலில் அலைகளாக மாற்றும். மறுமுனையில் இன்னொரு கருவி அந்த அலைகளை மறுபடி எண்களாக்கும். அரிசி மூட்டையை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குத் தூக்கிப்போக வேண்டிய இடத்தில், அதைச் சோறாக்கி எடுத்துப்போய் அங்கே மறுபடி அரிசியாக்கப் பார்ப்பது போன்ற வேலை அது.

அளவையும் பாருங்கள். ஒரு மணி நேர மினிடிவி நாடாவில் இருப்பது ஏறத்தாழ 13 ஜிபி. என் மூன்று கேசட்டுகளில் 39 ஜிபி இருந்தது. அதை 4.7 ஜிபி கொள்ளும் ஒற்றை டிவிடியில் அடைத்திருந்தார்கள். எட்டில் ஒரு பங்குகூட இல்லை. அசைவு உள்ள இடமெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்ததற்கும், முகங்கள் வழித்து விட்டது போல இருந்ததற்கும் காரணம் அன்றுதான் விளங்கியது. பதினைந்து ஆண்டுகளாக அது அவருடைய கேமராவின் குறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

காரணம் புரிந்துவிட்டது, ஆனால் எடுத்து முடிப்பதற்குள் ஆறு மாதம் அலைந்தேன். இப்போது வரும் மடிக்கணினிகளில் ஃபயர்வயர் துளை கிடையாது. கேமராவில் யுஎஸ்பி துளையும் இருக்கிறதே என்று அதில் செருகிப் பார்த்தோம். மெமரி கார்டில் எடுத்த புகைப்படங்கள் மட்டும் வந்தன, நாடாவில் உள்ள படம் வரவில்லை. அடுத்து, ஒரு முனை யுஎஸ்பி, மறுமுனை ஃபயர்வயர் என்று ஒரு கேபிள் இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினேன். வாசகர்கள் தயவுசெய்து அதை வாங்காதீர்கள். இரண்டும் பேசும் முறையே வேறு. முனையை மாற்றி ஒட்டிவிட்டால் மட்டும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளாது. பணம் போனதோடு கேமராவின் துளையும் கெட்டுப்போகலாம்.

கடைசியில் அண்ணன் மகன் தன் கடையில் கிடந்த பழைய மேசைக் கணினி ஒன்றைக் கொண்டுவந்து, அதன் மதர்போர்டில் ஒரு ஃபயர்வயர் கார்டைச் செருகினான். கார்டு ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். கேமரா பக்கம் நான்கு ஊசி, கார்டு பக்கம் ஆறு ஊசி உள்ள கேபிள் தனியாக. விண்டோஸ் 10 அந்தக் கார்டை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. கார்டைக் கணினிக்குப் புரியவைக்கும் பழைய 1394 டிரைவர் மென்பொருளைத் தேடிப் போட்ட பிறகுதான் கேமராவின் பெயர் திரையில் வந்தது. நாடாவிலிருந்து எடுக்க ‘வின்டிவி’ (WinDV) என்ற சின்ன இலவச மென்பொருள் போதும். ஆப்பிள் கணினி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 2025-இல் வந்த மேக்ஓஎஸ் 26-இல் ஃபயர்வயருக்கு இடமே இல்லை. பழைய பதிப்பில் ஓடும் கணினி கையில் இருந்தால் அதைப் புதுப்பித்துவிடாமல் முதலில் கேசட் வேலையை முடித்துக்கொள்வது நல்லது.

அவருடைய ஹேண்டிகேம் உயிரோடு இல்லை. கேசட் போடும் வாய் திறக்கவே மறுக்கிறது. திருமண வீடியோ எடுக்கும் ஒருவர் தம்மிடம் சும்மா கிடந்த சோனி பிடி 170 கேமராவைக் கொடுத்து உதவினார். இருபது ஆண்டுகளுக்கு முன்பு நம் ஊர்க் கல்யாண மண்டபங்களில் கையில் பிடித்து எடுத்தார்களே, அதே கேமராதான். அதே சிறு நாடாதான் அதிலும் ஓடும். இன்று அந்தக் கேமராக்களைப் பழைய இரும்பு விலைக்குப் போடுகிறார்கள். தொழிலில் இருப்பவர்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், ஓடுகிற நிலையில் உள்ள ஒன்றையாவது விற்காமல் வையுங்கள். சோனி நிறுவனம் 2025 பிப்ரவரியோடு மினிடிவி கேசட் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. நாடாவை ஓட்டிக் காட்டும் கருவி இனிமேல் புதிதாக எங்கிருந்து வரப்போகிறது?

முதல் நாள் எடுத்தது ‘கொல்லை’ என்று எழுதிய கேசட். உடனே ஓட்டக் கூடாது என்றான் அண்ணன் மகன். பல ஆண்டுகள் ஒரே பக்கம் சுற்றிக் கிடந்த நாடா இறுகியிருக்குமாம். கடைசி வரை ஓட்டி மறுபடி தொடக்கத்துக்குச் சுற்றிக் கொண்டுவந்தோம். பிறகு கணினியையும் கேமராவையும் அணைத்துவிட்டுக் கேபிளைச் செருகினோம். ஆறு ஊசி முனையைத் தலைகீழாக அழுத்தினால் துளை எரிந்துபோகும் என்று அவன் என் கையைப் பிடித்து நிறுத்திக் காட்டினான். கேமராவை பேட்டரியில் ஓட்டாமல் மின்சாரத்தில் போட்டு ஓட்டினோம்.

திரை கொஞ்ச நேரம் நீலமாக இருந்தது. பிறகு எங்கள் கொல்லை வந்தது. புயலில் விழுந்துபோன வேப்ப மரம், அதன் கீழே துணி துவைக்கும் கல், ஈரத் தலையோடு என் சின்னப் பெண். கேமரா கொஞ்சம் ஆடி நிலைத்தது. “இந்தப் பக்கம் பார் பாப்பா” என்றார் அவர். அவ்வளவுதான். பிறகு ஒரு இருமல். எனக்குத் தெரிந்த இருமல், பீடியை விட்டு நாலைந்து வருடம் ஆகியும் போகாத இருமல். ஸ்டூடியோவில் பாட்டுக்குக் கீழே புதைத்தது இதைத்தான்.

அந்தக் கேமரா நாடாவில் படத்தோடு தேதியையும் நேரத்தையும் சேர்த்தே பதிந்து வைக்கிறது. நாம் கேட்டால் மட்டும் திரையில் காட்டும், படத்தின் மேல் எழுதாது. அந்தக் காட்சியின் நேரம் காலை 4.10 என்று வந்தது. மதில் மேல் நன்றாக வெயில் அடிக்கிறது, நான்கு மணிக்கு எப்படி வெயில் வரும் என்று இருவரும் விழித்தோம். பிறகுதான் பிடிபட்டது. குவைத்தில் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். நம் ஊரில் அது 6.40. ஒவ்வொரு விடுமுறைக்கும் வந்து போனவர், கைக்கடிகாரத்தை ரயில் ஏறும் முன்பே மாற்றிக்கொள்பவர், கேமராவின் கடிகாரத்தை மட்டும் கடைசி வரை மாற்றவில்லை. இதுவரை எடுத்த 23 கேசட்டுகளிலும் குவைத் நேரம்தான். டிவிடியில் இந்தத் தேதியும் நேரமும் வரவில்லை. ஏவி கேபிளில் எடுத்தபோதே அவை நாடாவிலேயே தங்கிவிட்டன. ஐ-லிங்க் வழியாக எடுத்ததில் ஒவ்வொரு காட்சியோடும் வந்து சேர்ந்திருக்கின்றன. எந்த ஆண்டு, எந்த நாள் என்று வீட்டில் யாரும் ஊகிக்க வேண்டியதில்லை. அரிசி இருப்பும் முட்டைக் கணக்கும் எழுதிய பழக்கத்தில், ஒரு நோட்டுப் போட்டு ஒவ்வொரு கேசட்டுக்கும் தேதி, இடம், யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதி வருகிறேன். நேரத்தைக் குவைத் நேரமாகவே எழுதிப் பக்கத்தில் நம் நேரத்தைக் குறித்துவிடுகிறேன்.

செய்ய நினைப்பவர்களுக்கு இன்னும் சில வார்த்தைகள். ஒரு மணி நேரக் கேசட்டை எடுக்க ஒரு மணி நேரம் ஆகும், அவசரப்படுத்த வழியில்லை. முதல் முயற்சியில் ஏறத்தாழ இருபதாவது நிமிடத்தில் நின்றுபோயிற்று. வெளியில் இணைத்திருந்த ஹார்டு டிஸ்க் ஃபேட்32 என்ற பழைய முறையில் இருந்ததாம். அதில் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் போகாது. என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றிய பிறகு முழுக் கேசட்டும் ஒரே கோப்பாக வந்தது. வந்த கோப்பைச் சுருக்காமல் அப்படியே வைக்க வேண்டும். கைப்பேசியில் அனுப்பத் தனியாகச் சிறியதாக ஒரு படி எடுத்துக்கொள்ளலாம். 34 கேசட்டும் சேர்ந்தால் ஏறத்தாழ 450 ஜிபிதான் வரும், ஒரு டெராபைட் டிஸ்க் தாராளம். நான் இரண்டு டிஸ்க் வாங்கி ஒன்றைக் கோயம்புத்தூரில் பெரிய பெண் வீட்டில் வைத்திருக்கிறேன். எடுத்து முடித்த கேசட்டையும் தூக்கி எறிவதில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையை நிறுத்தி வைத்தேன். ஈரம் கோத்தால் கேமராவே எச்சரிக்கைக் குறி காட்டி ஓட மறுக்கும். மறுத்தால் வற்புறுத்தாமல் சில மணி நேரம் விட்டுவிடுவதே நல்லது.

ஆசிரியர் அவர்களே, எனக்கு அண்ணன் மகன் இருந்தான். கேமரா இரவல் கொடுக்க ஒரு நல்ல மனிதர் கிடைத்தார். இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? எங்கள் தெருவிலேயே நான்கு வீடுகளில் இந்தக் கேசட்டுகள் இருக்கின்றன. சவுதியிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கேமரா வாங்கி வந்த வீடுகள் இந்த டெல்டாவில் எத்தனை! கல்யாணம், காது குத்து மட்டுமா எடுத்தார்கள்? கையால் நாற்றுப் பறித்து நட்ட கடைசிப் பட்டங்கள், ஓட்டு வீடுகள் இடிபடுவதற்கு முந்தைய தெருக்கள், சுனாமிக்கு முந்தைய நாகைக் கடற்கரை, எல்லாம் யாரோ ஒருவர் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கத்தான் செய்யும். ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015-லேயே எச்சரித்தது: 2025-க்குள் மாற்றிக்கொள்ளாத காந்த நாடாக்களைப் பெரும்பாலும் மீட்க முடியாமல் போகும் என்று. அந்தக் கெடுவும் தாண்டிவிட்டது. அங்கே குளிரூட்டிய அறையில் நாடாவைப் பாதுகாக்கிறார்கள். நம் ஊர் வெயிலிலும் மழை ஈரத்திலும் தகரப் பெட்டியில் கிடக்கும் நாடாவுக்கு அவ்வளவு காலம்கூடக் கிடைக்காது.

சொத்து வரி கட்டும்போது நூலக வரியும் சேர்த்தே கட்டுகிறோம். ஒவ்வொரு மாவட்ட மைய நூலகத்திலும் ஒரே ஒரு மேசை கேட்கிறேன். ஓடுகிற நிலையில் ஒரு மினிடிவி கேமரா, ஃபயர்வயர் கார்டு போட்ட ஒரு பழைய கணினி, சொல்லிக் கொடுக்க ஓர் ஆள். மக்கள் தங்கள் ஹார்டு டிஸ்கைக் கொண்டுவந்து முன்பதிவு செய்து உட்கார்ந்து எடுத்துக்கொள்ளட்டும். விருப்பப்படுகிறவர்கள் ஊர் சம்பந்தப்பட்ட பகுதியை நூலகத்துக்கு ஒரு படி கொடுத்துவிட்டுப் போகட்டும். நூலகத் துறைக்கு இது பெரிய செலவு ஆகாது. எனக்கு எல்லாம் சேர்த்து ஆன செலவில் பெரும்பகுதி ஹார்டு டிஸ்குகளுக்குத்தான் போயிற்று. திருவாரூரில் அப்படி ஒரு மேசை வந்தால் வாரத்தில் இரண்டு நாள் வந்து சொல்லிக்கொடுக்க நான் தயாராக இருக்கிறேன். சம்பளம் வேண்டாம்.

ஸ்டூடியோ நடத்துகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். பழைய கேசட்டை யாராவது கொண்டுவந்தால் முதலில் எதையும் சேர்க்காமல் முழுதாக ஒரு படி எடுத்துக் கொடுங்கள். பாட்டுப் போட்டதை வேண்டுமானால் தனியாகக் கொடுங்கள். பின்னால் பேசிக்கொண்டிருப்பது யார் என்று உங்களுக்குத் தெரியாது.

34-இல் 23 கேசட்டுகள் முடிந்துவிட்டன. ஆறு கேசட்டுகள் வரிசையில் இருக்கின்றன. அவர் நாடாவை மிச்சம் பிடிக்க எல்பி முறையில் ஒன்றரை மணி நேரமாக எடுத்த இரண்டு கேசட்டுகள் இரவல் கேமராவில் ஓடவில்லை. அவருடைய ஹேண்டிகேமைப் பழுது பார்த்தால்தான் வழி பிறக்கும் போலிருக்கிறது. மீதி மூன்றில் பூஞ்சை பிடித்திருக்கிறது. கேசட்டின் சிறு கண்ணாடி வழியே பார்த்தால் சுற்றிய நாடாவின் விளிம்பில் திருநீறு தூவினாற்போல வெள்ளையாகத் தெரிகிறது. அப்படியே ஓட்டினால் பூஞ்சை கேமராவில் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஏறி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டையும் கெடுத்துவிடும் என்பதால் தொடாமல், பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு தனியாக வைத்திருக்கிறேன்.

அந்த மூன்றில் ஒன்றின் மேல்தான் ‘அம்மா – பாட்டு’ என்று எழுதியிருக்கிறது. என் மாமியார் நடவுப் பாட்டும் தாலாட்டும் பாடுவார், எழுதப் படிக்கத் தெரியாதவர், அவர் பாட்டை யாரும் எழுதி வைக்கவில்லை. மகன் கேட்கக் கேட்க ஒரு மணி நேரம் பாடியிருக்கிறார் என்று மட்டும் எனக்கு நினைவிருக்கிறது. பூஞ்சை பிடித்த மினிடிவி நாடாவைச் சுத்தம் செய்யத் தெரிந்தவர் தமிழ்நாட்டில் எங்கேனும் இருந்து இதைப் படித்தால், தங்கள் நாளிதழ் முகவரிக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். எந்த ஊராக இருந்தாலும் நானே கேசட்டை எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்